எனக்கு வாய்த்த நேர்முதுகு

என் அக்காவுக்கு எல்லாமே முதலில் கிடைத்தது. அம்மாவின் நிறம், அப்பாவின் எடுப்பான மூக்கு, புதுச் சைக்கிள், ஊரார் வாயில் "நல்ல பிள்ளை" என்ற பெயர். நான்கு வருடம் பிந்திப் பிறந்த குற்றத்துக்காக அவளுடைய பழைய சட்டைகளும், ஓரம் மடங்கிய புத்தகங்களும் என்னிடம் வந்து சேர்ந்தன. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொண்டேன். அவளுடைய முள்ளந்தண்டு வளைந்து, அதற்காக வீடு முழுவதும் அவளைச் சுற்றி ஓடத் தொடங்கியபோதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கள் பக்கத்தில் பொறாமையைக் காய்மகாரம் என்பார்கள். ஒன்பது வயதில் அந்தச் சொல்லுக்கு என்னைவிடப் பொருத்தமான ஆள் கொடிகாமத்தில் இருந்திருக்க முடியாது.

அக்கா பெரிய பிள்ளையாகி, ஊரைக் கூட்டிச் சாமத்திய வீடு செய்த அன்றுதான் அது வெளியே தெரிய வந்தது. அன்று அவளுக்கு மாம்பழ நிறத்தில் கூறைபோல ஒரு சேலை, இரவல் வாங்கியதும் சொந்தமுமாகக் கழுத்து நிறைய நகை. எனக்கு ஒரு பாவாடையும், கையில் பிடித்துக்கொண்டு நிற்க ஒரு தட்டும். படம் எடுக்க வந்தவர் அரை மணித்தியாலமாக ஒரே பாட்டைப் பாடினார்.

"தங்கச்சி, வலப்பக்கத் தோளைக் கொஞ்சம் பதியுங்கோ. இல்லைப் பிள்ளை, நேரா நில்லுங்கோ. ஆ, இப்ப மற்றப் பக்கம் சரியிறியள்."

நகையின் பாரம் என்றாள் அம்மா. வெட்கம் என்றார்கள் பெண்டுகள். ஆனால் படங்கள் கனடாவில் இருக்கிற மாமாவின் கைப்பேசிக்குப் போனதும், அவர் ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அம்மாவை அழைத்தார். "அக்கா, பிள்ளை எல்லாப் படத்திலையும் ஒரே பக்கம் சரிஞ்சு நிக்கிறாள். அவளைக் குனியச் சொல்லி முதுகைப் பாருங்கோ."

அம்மா அறைக் கதவைச் சாத்திக்கொண்டு அக்காவைக் குனியச் சொன்னாள். வலப்பக்கத்து முதுகு இடப்பக்கத்தைவிட மேடாக எழும்பி நின்றது. "என்ரை முருகா" என்று அம்மா நிலத்திலேயே இருந்துவிட்டாள். நானும் சட்டையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் குனிந்தேன். ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த கிழமை யாழ்ப்பாணத்தில் ஒரு எலும்பு டொக்டரிடம் அக்காவைக் கொண்டுபோனார்கள். என்னைப் பக்கத்து வீட்டு அன்ரியிடம் விட்டார்கள். திரும்பி வந்தபோது அக்காவின் கையில் பெரிய எக்ஸ்ரே உறை, வாயில் ஐஸ்கிறீம் வாசம். எக்ஸ்ரேயை அப்பா யன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். அக்காவின் முள்ளந்தண்டு எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையைப்போல ஒரு பக்கம் போய், பிறகு மற்றப் பக்கம் வளைந்து இறங்கியது. வளைவு கூடிக்கொண்டே போகிறது, விட்டுவிட்டால் சுவாசப்பையை நெரிக்கும், ஒப்பரேசன் செய்யத்தான் வேண்டும் என்று அந்த டொக்டர் சொல்லியிருந்தார். அதோடு இன்னொன்றும் சொல்லியிருந்தார். அம்மா அதை அப்படியே பாடமாக்கி வந்து மாமாவுக்கு ஒப்புவித்தாள்.

"தான் முழங்காலும் இடுப்பும் செய்யிற ஆளாம். இது வளர்ற பிள்ளையின்ரை முள்ளந்தண்டாம். இதையே தொழிலாச் செய்யிற ஒருத்தரிட்டைத்தான் போக வேணுமாம். போய், 'உப்பிடிப் பிள்ளையள் எத்தினை பேருக்குச் செய்திருக்கிறியள்' எண்டு வாயைத் திறந்து கேக்கட்டாம், வெக்கப்பட வேண்டாமாம். கொழும்பிலை ஒருத்தரின்ரை பேரும் தந்தவர்."

"பேரைப் பார்த்தால் சிங்கள ஆள்போலக் கிடக்கு," என்றார் அப்பா. "பாப்பம். முதல்லை எங்கடை ஆக்களிலை ஆரும் இருக்கினமோ எண்டு விசாரிப்பம்."

அப்பாவுக்குச் சந்தையடியில் மொத்தத் தேங்காய் வியாபாரம். குவியலில் இருந்து ஒரு காயை எடுத்து, காதடியில் பிடித்து விரலால் சுண்டினார் என்றால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார். ஆனால் டொக்டர்மாரைத் தெரிந்தெடுக்க அவரிடம் இருந்தது ஒரேயொரு கேள்வி. "ஆள் ஆற்றை மகன்?" யாருடைய மகன் என்பதில் தொடங்கி ஊர், உறவு, படித்த பள்ளிக்கூடம் எல்லாவற்றையும் பிடித்து, எங்கேயாவது ஒரு நூல் எங்களோடு முடிச்சு விழுந்தால் அவர் நல்ல டொக்டர். இதில் அப்பாவை மட்டும் குறை சொல்லி வேலையில்லை. பல்லுப் பிடுங்குவதற்கே எங்கள் ஊரில் அப்படித்தான் ஆள் தேடுவார்கள்.

விசாரணை நாலு பக்கமும் நடந்தது. ஆனால் யாருக்காக என்று மட்டும் ஒருவருக்கும் சொல்லவில்லை. சாமத்திய வீடு முடிந்த கையோடு பிள்ளைக்கு முதுகில் கோளாறு என்று கதை பரவினால் நாளைக்குக் கலியாணம் பேச வருகிறவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்களாம். "தூரத்துச் சொந்தத்திலை ஒரு பிள்ளைக்கு" என்று அப்பா சொல்லித் திரிந்தார். கொழும்புக்குப் போகிற நாள் நெருங்கியதும் அந்தப் பொய் போதவில்லை. பக்கத்து வீட்டு அன்ரி வேலிக்கு மேலால் தலையை நீட்டி, "என்ன, குடும்பத்தோடை பயணம்?" என்று கேட்டாள்.

அம்மா கண்ணை வெட்டாமல் சொன்னாள். "சின்னவளுக்குக் கண்ணிலை ஒரு பிரச்சினை. அதுதான் கொழும்பிலை காட்டுவம் எண்டு."

"ஐயோ பாவம், குஞ்சு!" என்றாள் அன்ரி. அன்றைக்கே எனக்கு ஒரு பை நிறையப் பயற்றம் பணியாரம் வந்தது. வாத்தியார் என்னை முன் கதிரைக்கு மாற்றினார். ஆனைக்கொரு காலம் பூனைக்கொரு காலம் என்று நினைத்துக்கொண்டு இரண்டு நாள் கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்துத் திரிந்தேன். மூன்றாம் நாள்தான் எனக்கு விளங்கியது. உண்மையான நோயும் வருத்தமும் அவளுக்கு, பொய் வருத்தம் எனக்கு. வருத்தத்தில்கூட எனக்குப் பழைய சட்டைதான்.

ஆனால் அந்தப் பொய்யால் ஒரு நன்மை இருந்தது. கண் நோயாளியை வீட்டில் விட்டுவிட்டுக் கண் டொக்டரிடம் போக முடியாது. நானும் ரயில் ஏறினேன். ரயிலில் அக்காவுக்கு முதுகுக்குத் தலையணை வைத்தார்கள். எனக்கும் ஒன்று வேண்டும் என்றேன். "உனக்கென்ன, குத்துக்கல்லு மாதிரி இருக்கிறாய்," என்றாள் அம்மா. அன்றிலிருந்து நான் ஒரு தோளைப் பதித்து நடந்து பழகத் தொடங்கினேன்.

வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கினோம். அப்பா இரண்டு டொக்டர்மாருக்கு நம்பர் எடுத்திருந்தார். ஒருவர் அவர் தேடிப் பிடித்த "எங்கடை ஆள்". மற்றவர் யாழ்ப்பாணத்து எலும்பு டொக்டர் பெயர் தந்தவர், அதுவும் அம்மாவின் கரைச்சல் தாங்காமல் எடுத்தது.

எங்கடை ஆளின் அறைக்குள் போனதும் அப்பாவின் முகம் திருவிழா மாதிரி ஆகிவிட்டது. டொக்டரின் தாயார் அப்பாவின் சின்னம்மாவுக்குப் பருத்தித்துறையில் படிப்பித்தவராம். "அட, அம்மாவோ! அவவின்ரை பிரம்பு இப்பவும் சின்னம்மாவுக்குக் கனவிலை வருமாம்," என்று அப்பா தொடங்க, டொக்டரும் சிரித்துக்கொண்டு கதைத்தார். கோயில் திருவிழா, இந்த வருடத்து மாம்பழம், சின்னம்மாவின் மூட்டு வலி என்று கதை போனது. நடுவில் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தார். "செய்யலாம், பயமில்லை. அடுத்த கிழமை கூட்டிக்கொண்டு வாங்கோ," என்றார். நல்ல மனிதர், அவரில் ஒரு பிழையும் இல்லை. அவருக்கு வேலை செய்ய அப்பா நேரம் விட்டால்தானே. அக்காவுக்கு ஒரு ரொபி இனிப்புத் தந்துவிட்டு, பிறகு நினைத்துக்கொண்டு எனக்கும் ஒன்று தந்தார்.

"அந்தக் கேள்வியைக் கேக்கேல்லையே?" என்று வெளியில் வந்ததும் அம்மா கேட்டாள்.

"எங்கடை ஆளிட்டைப் போய் எத்தினை பேருக்குச் செய்தனீங்கள் எண்டு கேக்கிறதே? என்ன மரியாதை அது? முடிஞ்சுது அலுவல். நாளைக்கு மற்றவரிட்டைப் போகத் தேவையில்லை."

லொட்ஜுக்கு வந்ததும் அக்கா கட்டிலில் ஏறி இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"அப்பா, அவர் என்னை எழும்பி நிக்கச் சொல்லவே இல்லை."

"அதுதான் எக்ஸ்ரே பார்த்தவரல்லோ, பிள்ளை."

"எக்ஸ்ரேயையோ வெட்டப் போறார்? என்னையல்லோ வெட்டப் போறார்." என்றாள் அக்கா. "ஒரு தேங்காயை எண்டாலும் நீங்கள் கையிலை எடுத்துத் தட்டித்தானே பாக்கிறனீங்கள்?"

அப்பா சேர்ட்டைக் கழற்றினார், திரும்பவும் போட்டார். நானென்றால் அந்த வாய்க்கு அந்த இடத்திலேயே ஒன்று விழுந்திருக்கும். அக்கா சொன்னதோ வேதவாக்காகிவிட்டது. "பிள்ளை சொல்லுறது சரி. நாளைக்கு மற்றவரையும் பாப்பம்," என்றாள் அம்மா. நான் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

மற்ற டொக்டர் மெலிந்த உயரமான மனிதர். அவருக்குத் தமிழ் அரைகுறை. பக்கத்தில் நின்ற தாதிதான் இருபக்கமும் மொழிபெயர்த்தாள். அப்பா கதிரையில் இருந்த உடனேயே, பழக்கதோஷம், "ஐயா எந்த ஊர்?" என்று கேட்டார். கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தார்.

"மாத்தறை," என்றார் டொக்டர்.

அப்பா கண்ணை மூடி யோசித்தார். எங்கள் பரம்பரை முழுவதையும் மனதுக்குள் ஒரு தரம் அலசியிருப்பார். மாத்தறையில் எங்களுக்கு ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாது. அப்பா கைகளைத் தொடைக்கு நடுவில் வைத்துக்கொண்டு அடங்கிப் போனார்.

டொக்டர் எக்ஸ்ரேயை ஒரு பக்கம் வைத்துவிட்டு அக்காவை எழும்பச் சொன்னார். நடக்கச் சொன்னார், திரும்பச் சொன்னார், குனியச் சொன்னார். முதுகில் விரல் வைத்து மேலிருந்து கீழே ஒவ்வொரு முள்ளாகத் தொட்டார். காலைத் தட்டிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் எக்ஸ்ரே. எல்லாம் முடிந்து அக்காவுக்கு நேரே தன் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"பிள்ளைக்கு என்ன கேக்கணுமோ கேக்கட்டுமாம்," என்றாள் தாதி. "டொக்டர் சொல்றாரு, அம்மா அப்பா அப்புறம் கேக்கலாம்னு."

அக்கா நகத்தைச் சுரண்டிக்கொண்டு கேட்டாள். "நான் பிறகு சைக்கிள் ஓடலாமோ?"

ஓடலாம், ஆனால் உடனே இல்லை, எலும்பு நன்றாகப் பொருந்தும்வரை சில மாதங்கள் பொறுக்க வேண்டும் என்று பதில் வந்தது. அம்மா சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரே மூச்சில் அந்தக் கேள்வியைக் கேட்டாள். "உப்பிடிப் பிள்ளையள் எத்தினை பேருக்குச் செய்திருக்கிறார் எண்டு கேளுங்கோ, தங்கச்சி. குறை நினைக்க வேண்டாம் எண்டும் சொல்லுங்கோ."

டொக்டர் குறை நினைக்கவில்லை. தலையை ஆட்டிச் சிரித்தார். இதுதான் என் வேலை, வருடக்கணக்காகப் பிள்ளைகளின் முள்ளந்தண்டைத்தான் செய்து வருகிறேன் என்றார். ஒப்பரேசன் நடக்கும் நேரம் முழுவதும் நரம்புக்குச் சேதம் வராமல் பார்க்கத் தனியாக ஒரு ஆள் நிற்பார் என்றார். எங்கே பிழை நேரலாம் என்பதையும் மறைக்காமல் சொன்னார். விருப்பமென்றால், ஏற்கெனவே செய்துகொண்ட ஒரு பிள்ளையின் தாயோடு அம்மா கதைக்கலாம், அவவிடம் கேட்டுவிட்டு நம்பர் தருகிறேன் என்றார். அம்மாவின் கை சேலைத் தலைப்பை விட்டது.

அப்போதுதான் அவருடைய கண் என்மேல் விழுந்தது. மூலையில் இருந்த முக்காலியில் நான் கால் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"தங்கச்சியா?" என்றார். பிறகு தாதியிடம் ஏதோ சொன்னார்.

"ஒரு பிள்ளைக்கு இருந்தா கூடப்பிறந்தவங்களுக்கும் வரக்கூடுமாம். இவங்களையும் பாத்திடலாம்னு டொக்டர் சொல்றாரு."

அம்மாவின் முகம் வெளுத்தது. அப்பா கதிரையை விட்டு எழும்பி நின்றார். எனக்கோ உள்ளுக்குள் மேளம் அடித்தது. வந்தது என் முறை! ரயிலேறிய நாள்முதல் பழகிய பழக்கம் வீண்போகவில்லை. முக்காலியில் இருந்து குதித்து இறங்கி, வலத் தோளை எவ்வளவு பதிக்கலாமோ அவ்வளவு பதித்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். டொக்டர் இரண்டு கையாலும் என் தோள்களைப் பிடித்துச் சமப்படுத்திவிட்டு, "குனி," என்றார்.

குனிந்தேன். கால்களுக்கு நடுவால் உலகம் தலைகீழாகத் தெரிந்தது. அம்மாவின் செருப்பு, அப்பாவின் சப்பாத்து, அதற்கு அப்பால் கதிரையில் அக்கா. அவள் கண்ணை இறுக மூடியிருந்தாள். வாய் மட்டும் அசைந்துகொண்டிருந்தது. எனக்கு எதிராக ஏதோ மந்திரம் போடுகிறாள் என்று நினைத்தேன். டொக்டரின் விரல் கழுத்தடியில் இருந்து இடுப்புவரை மெதுவாக இறங்கியது. இன்னொரு தரமும் இறங்கியது.

"நேர்," என்றார் டொக்டர், தமிழிலேயே. "நல்ல நேர்."

நான் அப்படியே நிலத்தில் குந்தி ஓவென்று அழத் தொடங்கினேன். சாமத்திய வீட்டில் இருந்து அடக்கி வைத்திருந்த அத்தனை எரிச்சலும் சேர்ந்து வந்தது. ஐஸ்கிறீம், தலையணை, ஒன்றும் இல்லை. எனக்கென்று ஒரு சின்ன வளைவுகூட இல்லை. அம்மா ஓடி வந்து என்னைத் தூக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தானும் அழுதாள். அப்பா யன்னல்பக்கம் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினார்.

"அக்கா மேல எம்புட்டு பாசம்!" என்றாள் தாதி. "அக்காவுக்கு இருக்குதேன்னு அழுவுது புள்ள."

இன்றைக்கும் கலியாண வீடுகளில் அம்மா அந்தக் கதையைச் சொல்லுவாள். கேட்கிறவர்கள் என்னைக் கனிவோடு பார்ப்பார்கள். நானும் பேசாமல் பாயசத்தைக் குடிப்பேன்.

வெளியில் வந்ததும் அப்பா சொன்னார், "கேக்காமலே மற்றப் பிள்ளையையும் பார்த்தவர். இவரிட்டையே செய்வம்." ஆற்றை மகன் என்ற கேள்வி அதோடு முடிந்தது. அம்மா அந்தத் தாயோடு தொலைபேசியில் கதைத்த பிறகு, பள்ளித் தவணை விடுமுறையில் ஒப்பரேசனுக்கு நாள் குறித்தார்கள். அக்கா நல்லபடி பிழைத்து வந்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். வந்தபோது முன்பைவிட உயரமாகவும் இருந்தாள். வளைந்தது நிமிர்ந்தால் உயரத்தானே செய்யும். அதற்கும் எனக்கு எரிந்தது. இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் அவளுக்கு வீடும் பிள்ளைகளும் உண்டு. என்னைவிட வேகமாகச் சைக்கிள் ஓடுவாள்.

ஆனால் அதெல்லாம் பிறகு. நாள் குறித்துவிட்டுத் திரும்பிவந்த ரயிலில் அவளுக்கு அது ஒன்றும் தெரியாது. தன் முதுகை வெட்டித் திறப்பார்கள், கம்பி வைப்பார்கள், ஏதும் பிழை நடந்தால் கால் வழங்காமலும் போகலாம் என்பது மட்டும்தான் தெரியும். பதின்மூன்று வயது. அம்மாவும் அப்பாவும் எதிர் ஆசனத்தில் தூங்கி வழிந்தார்கள். நான் அவளை விடவில்லை.

"நான் குனியேக்கை நீ கண்ணை மூடிக்கொண்டு என்ன சொன்னனீ?"

"ஒண்டுமில்லை."

"பொய். வாய் அசைஞ்சது. நான் கண்டனான்."

"பிள்ளையாரிட்டைக் கேட்டனான்."

"என்னெண்டு?"

"உனக்கு இருக்கக் கூடாது, எனக்கு மட்டும் இருக்கட்டும் எண்டு."

பார்த்தீர்களா! நான் சந்தேகப்பட்டது அப்படியே சரி. சேலை அவளுக்கு, நகை அவளுக்கு, அம்மா அப்பா அவளுக்கு, இப்போது பிள்ளையாரையும் கைக்குள் போட்டுக்கொண்டு இதையும் எனக்குக் கிடைக்காமல் செய்துவிட்டாள்.

"எல்லாம் உனக்குத்தான் வேணும், என்ன?"

"ஓம்," என்றாள் அக்கா. "இதிலை உனக்கு ஒரு துண்டும் தரமாட்டன்."

அவள் என் தோளில் கை போட்டாள். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டு, வவுனியா தாண்டும்வரை அவளோடு கதைக்கவேயில்லை.